பாயசத்தில் அப்பளம்

அடுத்த முறை கல்யாணப் பந்தியில் உட்காரும்போது, உங்கள் இலையை விட்டுப் பக்கத்து இலைகளையும் சற்றுக் கவனியுங்கள். பாயசம் பரிமாறப்பட்டதும் இளைஞர்கள் அதை அப்படியே வழித்து உண்பார்கள். சிலர் டம்ளரில் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் என்ன செய்கிறார்? இலையின் ஓரத்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்த அப்பளத்தை எடுத்து, ஒரே அழுத்தாக நொறுக்கி, பாயசத்தின்மேல் தூவுகிறார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு அவசர அவசரமாக அள்ளி உண்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் யார் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து பதில் வராது!

இனிப்புப் பாயசத்தில் உப்பும் எண்ணெயுமான அப்பளமா என்று நீங்கள் முகத்தைச் சுளிக்கலாம். இது ஒன்றுதானா? காரமான அடைக்கு வெல்லமும் வெண்ணெயும், தயிர்ச் சாதத்தில் பிசைந்த மாம்பழம், பம்பளிமாஸ் சுளைக்கு உப்பும் மிளகாய்த் தூளும், பால் விடாத காப்பியில் ஒரு கல் உப்பு, கேழ்வரகுக் கூழுக்குக் கருவாடு, காப்பியில் தோய்த்த முறுக்கு என்று வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும். நாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

சிரிப்பதற்கு முன் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம். இந்த விநோதச் சேர்க்கைகளில் பலவற்றுக்கு நல்ல காரணம் இருக்கிறது. நாக்கும் மூக்கும் காதும் கூடி எப்படி வேலை செய்கின்றன என்பதை, பாட நூலில் உள்ள படங்களைவிட இவை தெளிவாகக் காட்டுகின்றன. பெரியவர்களின் தட்டில் என்ன இருக்கிறது என்பதை நாம் கவனித்துப் பார்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

காதுக்கு உணவு

முதலில் அப்பளத்தையே எடுத்துக் கொள்வோம். பொரித்த அப்பளம் ஏன் நொறுங்குகிறது? மாவில் இருந்த நீர் சூடான எண்ணெயில் ஆவியாகி வெளியேறும்போது அப்பளம் உப்புகிறது. எஞ்சி நிற்பது நுண்ணிய குமிழ்களும் அவற்றைச் சூழ்ந்த மிக மெல்லிய சுவர்களும்தான். அந்தச் சுவர்களில் உள்ள மாவுப்பொருள், புரத மூலக்கூறுகள் ஒழுங்கற்ற நிலையில் அப்படியே உறைந்து நிற்கின்றன. ஜன்னல் கண்ணாடியிலும் மூலக்கூறுகள் இப்படித்தான் ஒழுங்கின்றி உறைந்து நிற்கின்றன என்று படித்திருப்பீர்கள். ஆகவே அப்பளமும் ஒருவகைக் கண்ணாடி என்று சொன்னால் அது உவமை அல்ல; இயற்பியலின்படி அதுவே சரியான பெயர்.

கண்ணாடி வளையாது, உடையும். பல் அழுத்தும்போது ஒவ்வொரு சுவரும் இம்மியளவு வளைந்து ஆற்றலைச் சேமிக்கிறது; பிறகு சட்டென்று பிளக்கிறது. சேமித்த ஆற்றலில் ஒரு பகுதி காற்றை உதைத்து ஒலியாகிறது. ஒரே கடியில் இப்படிப் பல சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைவதால்தான் 'நொறுக்' என்ற ஓசை. அதில் குறைந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை எல்லாமே கலந்திருக்கும்.

இந்தக் கண்ணாடிக்கு ஒரு எதிரி உண்டு: நீர். சிறிதளவு ஈரம் உட்புகுந்தாலும் மூலக்கூறுகளுக்கு இடையே புகுந்து அவற்றை நழுவ விட்டுவிடும். கண்ணாடி இரப்பராகிவிடும். மழை நாளில் மூடாமல் வைத்த அப்பளம் நமுத்துப் போவது இதனால்தான். பாயசத்தில் விழுந்த அப்பளத்தின் கதி என்ன என்று இப்போது தெரிகிறதல்லவா? தூவிய கணத்திலிருந்து நீர் உள்ளே ஊடுருவிக் கொண்டிருக்கிறது. பெரியவர் அவசரப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அவர் நீர் ஊடுருவும் வேகத்தோடு பந்தயம் ஓடுகிறார்!

இந்தப் பந்தயத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. ஒரு பொருளுக்குள் நீர் விரவல் முறையில் புக ஆகும் நேரம், தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதனால்தான் பாயசத்தில் சீக்கிரம் தோற்றுப்போகும் அப்பளத்தைவிட, தயிர்ச் சாதத்தில் உடைத்துப் போட்ட தேன்குழல் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது. கெட்டி முறுக்கு இன்னும் அதிக நேரம். காப்பியில் முறுக்கைத் தோய்த்துத் தின்பவர்களின் கலை, வெளிப்புறம் இளகி உட்புறம் இளகாத அந்த நேரத்தைப் பிடிப்பதில் இருக்கிறது.

மொறுமொறுப்பு வாய்க்குள் நடக்கும் விஷயம், இதில் காதுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மாசிமிலியானோ சாம்பீனி, சார்லஸ் ஸ்பென்ஸ் என்னும் இருவர் 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற உருளைக்கிழங்குச் சில்லுகளைச் சிலரிடம் கொடுத்து, ஒலிவாங்கியின்முன் கடிக்கச் சொன்னார்கள். கடிக்கும் ஓசை அவர்கள் காதில் மாட்டியிருந்த ஒலிபெருக்கி வழியாக அவர்களுக்கே கேட்கும்படி ஏற்பாடு. ஆய்வாளர்கள் அந்த ஓசையை இடையில் மாற்றினார்கள். ஓசையின் அளவைக் கூட்டியபோதும், அதிலுள்ள உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் கூட்டியபோதும், சில்லு அதிக மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். குறைத்தபோது நமுத்ததாகச் சொன்னார்கள். சில்லு என்னவோ ஒன்றுதான்! முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக்நோபல் பரிசு 2008-ல் இவர்களுக்குக் கிடைத்தது.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஓர் அப்பளத் துண்டைக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு கடியுங்கள். அடுத்த துண்டை, இரு காதுகளையும் உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு கடியுங்கள். இரண்டாவது முறை சத்தம் பெரிதாகவே இருக்கும், ஆனால் கடகடவென்று மந்தமாக இருக்கும். காற்று வழியாக வரும் உயர்ந்த அதிர்வெண்கள் அடைபட்டுப் போக, தாடை எலும்பின் வழியாக வரும் தாழ்ந்த அதிர்வெண்களே மிஞ்சுகின்றன. எந்தத் துண்டு புதிதாகத் தோன்றியது என்று குறித்து வையுங்கள்.

உப்பின் உபகாரம்

பம்பளிமாஸ் சுளையில் இனிப்பு, புளிப்பு, கசப்பு மூன்றும் உண்டு. சர்க்கரை போட்டால் கசப்பு மறையும் என்று நாம் நினைப்போம். பாட்டி போடுவது உப்பு. யார் செய்வது சரி?

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில், சுவையையும் மணத்தையும் ஆராய்வதற்கென்றே மானெல் மையம் என்ற நிறுவனம் இருக்கிறது. அங்கே பால் பிரெஸ்லின், கேரி பூசாம்ப் என்னும் விஞ்ஞானிகள் கசப்புப் பொருளாக யூரியா, இனிப்புக்குச் சர்க்கரை, உப்புக்குச் சோடியம் அசிடேட் ஆகிய மூன்றையும் பலவிதமாகக் கலந்து சுவைக்கச் செய்தார்கள். 1997-ல் அவர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு நம் பாட்டிக்குச் சாதகமானது. கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியத்தைச் சேர்த்ததும் கசப்பு குறைந்தது. கூடவே இனிப்பு உயர்ந்தது. சர்க்கரை ஒரு துளியும் கூடவில்லை. கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருந்தன. சோடியம் அயனி கசப்பை அடக்கியதும், அமுங்கிக் கிடந்த இனிப்பு தலை தூக்கிவிட்டது.

பால் விடாத காப்பியில் ஒரு கல் உப்பு போடுபவர்களின் இரகசியமும் இதுவே. சோதனை மிக எளிது. காப்பி டிகாக்ஷனை வெந்நீரில் கலந்து இரண்டு டம்ளர்களில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும், உப்புக் கரிப்பு தெரியாத அளவுக்கு மிகச் சிறிதளவு உப்பைக் கரையுங்கள். எதில் உப்பு என்பதைச் சுவைப்பவர் அறியக் கூடாது. முடிந்தால் டம்ளரை எடுத்துக் கொடுப்பவரும் அறியக் கூடாது. இந்த நிபந்தனையை விட்டுவிட்டால் நீங்கள் சோதிப்பது காப்பியை அல்ல, எதிர்பார்ப்பை!

நாவல்பழத்தை உப்புப் போட்டுக் குலுக்கித் தின்பது வேறு கதை. அதன் துவர்ப்பைச் சுவை என்பதைவிடத் தொடு உணர்வு என்பதே பொருத்தம். பழத்திலுள்ள டானின்கள் எச்சிலின் புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரித்துவிடுகின்றன. எச்சிலின் வழவழப்புப் போய் நாக்கும் அண்ணமும் உரசுகின்றன. மசகு எண்ணெய் வற்றிய அச்சு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு எச்சிலைச் சுரக்க வைக்கிறது. மசகு திரும்பி வருகிறது.

உப்பும் நாக்கும் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாக்கின் நுனியில் இனிப்பு, பக்கங்களில் புளிப்பு, அடியில் கசப்பு என்று வண்ணமிட்ட ஒரு வரைபடத்தைப் பல புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். ஹேனிக் என்ற ஜெர்மானியர் 1901-ல் கண்டது இடத்துக்கு இடம் சிறு வேறுபாடுகளை மட்டுமே. 1942-ல் ஹார்வர்டு பேராசிரியர் எட்வின் போரிங் அதைத் தம் நூலில் வரைந்து காட்டிய விதம், ஒவ்வொரு சுவைக்கும் தனி இடம் என்ற எண்ணத்தைப் பரப்பிவிட்டது. சுவை மொட்டுகள் உள்ள எந்த இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். நுனி நாக்கில் பாகற்காயை வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும்.

அடை, கூழ், சூரை மீன்

காரமான அடையில் வெண்ணெயும் வெல்லமும் வந்து சேர்ந்ததற்கு விளக்கம் சுலபம். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். காரம் என்பதும் சுவை அல்ல. 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்துவதற்காக நரம்பு நுனிகளில் அமைந்த ஓர் ஏற்பியை, கேப்சைசின் பொய்யாகத் தட்டி எழுப்புகிறது. அந்த ஏற்பியை 1997-ல் இனங்கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. தொடு உணர்வின் ஏற்பிகளைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியன் அதைப் பகிர்ந்துகொண்டார். காரம் ஏறியதும் தண்ணீர் குடித்தால் எரிச்சல் குறையாமல் பரவுவதையும், மோரோ தயிரோ குடித்தால் அடங்குவதையும் அறிவீர்கள். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்கிறது. தயிர்ச் சாதத்துக்கு மோர் மிளகாய் என்று முடிச்சுப் போட்டவர் நாக்கை நன்றாகப் படித்தவர்!

வெல்லத்தை ஏன் சூடான அடையோடு தின்ன வேண்டும்? இனிப்பை உணர்த்தும் செல்களில் உள்ள ஒரு வாயில், சூடு ஏறும்போது அதிகமாகத் திறக்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள். 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை சூடு ஏற ஏற இனிப்பும் ஏறும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவது இதனால்தான்.

கேழ்வரகுக் கூழும் கருவாடும் இன்னும் சுவையான விஷயம். 1908-ல் ஜப்பானில், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிகுனே இகேடா, கடற்பாசிச் சாற்றின் ருசிக்கு குளுட்டமேட் காரணம் என்று கண்டறிந்து, அதை உமாமி என்ற தனிச் சுவையாக அறிவித்தார். அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, 1913-ல் ஜப்பானியரின் உலர்ந்த சூரை மீனில் இனோசினேட் என்ற இன்னொரு பொருளைக் கண்டார். இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டல் கணக்கில் ஏறாமல் பல மடங்காகப் பெருகுகிறது என்பதை அகிரா குனினாகா 1960-ல் எடுத்துக்காட்டினார்.

ஜப்பானுக்கும் நம் கூழ்ப் பானைக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? மாலத்தீவிலும் இலட்சத்தீவிலும் அதே சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் காய வைத்துக் கட்டைபோல் ஆக்குகிறார்கள். அதுதான் மாசி. இலங்கையில் மாசிச் சம்பல் தெரியாத வீடு குறைவு. நம் தென் கடற்கரை ஊர்களிலும் மாசிக் கருவாட்டுக்கு மதிப்பு அதிகம். அதைக் குளுட்டமேட் நிறைந்த தக்காளியோடு வதக்கினால் குனினாகாவின் பெருக்கல் கணக்கு நம் சட்டியிலேயே நடந்துவிடுகிறது. விஞ்ஞானம் பெயர் வைப்பதற்கு வெகு காலம் முன்பே மீனவர் வீடுகள் அந்த ருசியை அறிந்திருந்தன.

ஆனால் இதில் ருசி மட்டுமே பேசவில்லை, வறுமையும் பேசுகிறது. ஒரு சட்டிக் கூழுக்கு விரலளவு கருவாடு, ஒரு கிண்ணம் பழைய சோற்றுக்கு ஒரு வடுமாங்காய், நீராகாரத்துக்கு ஒரு கடி கருப்பட்டி என்ற அளவுகளைக் கவனியுங்கள். காய்கறி வாங்க முடியாத வீட்டில், மலிவான பெரிய அளவை உள்ளே இறக்குவதற்கு ஒரு சிறு துண்டு போதுமானதாக இருக்க வேண்டும். எனவே அது மிகக் காரமாகவோ மிக உப்பாகவோ மிக இனிப்பாகவோ இருந்தது. கை நிறையச் சம்பாதித்த பிறகும் அந்தப் பெரியவர்கள் அதையே தேடுகிறார்கள் என்றால், சிறு வயதில் பழகிய ருசி அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

அது எவ்வளவு ஆழம்? கர்ப்ப காலத்தில் தாய் காரட் சாறு குடித்திருந்தால், பின்னர் குழந்தை காரட் மணமுள்ள கஞ்சியை விரும்பி ஏற்கிறது என்று மானெல் மையத்தின் ஜூலி மென்னெல்லா குழுவினர் 2001-ல் கண்டனர். எனவே இட்லிக்குச் சர்க்கரை, உப்புமாவுக்கு வாழைப்பழம் போன்ற சேர்க்கைகளுக்கெல்லாம் மூலக்கூறு விளக்கம் தேடி அலைய வேண்டாம். பழக்கம் என்ற விடையும் விஞ்ஞான விடைதான்.

எதையும் எதோடும் சேர்த்து உண்ணும் இதே பெரியவர்கள், மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்று அடித்துச் சொல்வார்கள். அது மட்டும் சரியல்ல. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் நோய்த்தடுப்பு அமைப்பே தாக்குவதால் வெண்புள்ளிகள் உண்டாகின்றன. அது தொற்றுவதுமில்லை, மீனால் வருவதுமில்லை. வங்காளிகள் மீனைத் தயிரில் சமைத்து விருந்தே வைக்கிறார்கள்.

மூக்கு மங்கும்போது

இப்போது, முதலில் தள்ளிவைத்த காரணத்துக்கு வருவோம்.

மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காய் மிட்டாயை வாயில் போடுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். மூக்கை விட்டுவிடுங்கள், அந்தக் கணமே ஏலக்காய் வந்து சேரும். அது வந்த வழி, தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் வழி. நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும் பகுதி இப்படி உள்ளிருந்து மேலேறும் மணமே. 2020-லும் 2021-லும் கொரோனா கண்ட பலருக்குக் காப்பி வெந்நீராகிப் போனது நினைவிருக்கலாம். மண நரம்புகளுக்குத் துணை நிற்கும் செல்களை அந்தக் கிருமி தாக்கியதால் வந்த வினை அது.

கொரோனாவில் சில நாட்களில் நேர்ந்தது, முதுமையில் பல ஆண்டுகளாக மெல்ல நேர்கிறது. மூக்கின் உச்சியில் உள்ள மண நரம்புச் செல்கள் வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கப்படுகின்றன. வயதாக ஆக அந்தப் புதுப்பித்தல் தளர்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு டோட்டி குழுவினர் ஏறத்தாழ 2000 பேரிடம் 40 மணங்களைக் கொடுத்து, எது என்னவென்று சொல்லச் செய்தார்கள். 1984-ல் வெளியான அந்த ஆய்வில் 65 முதல் 80 வயதுக்குள் பாதிப் பேருக்கு மேலும், 80-க்கு மேல் முக்கால் பங்கினருக்கு மேலும், மணம் அறியும் திறனைப் பெருமளவு இழந்திருந்தனர். அவர்களில் பலர் அதை உணரவே மாட்டார்கள். கண் மங்கினால் எழுத்து மறைகிறது, தெரிந்துவிடும். மூக்கு மங்கினால், 'மருமகள் சமையலில் உப்பே இல்லை, எல்லாம் சப்பென்று இருக்கிறது' என்றுதான் தோன்றும். மருமகள் ருசி பார்ப்பாள். எல்லாம் சரியாக இருக்கும். இருவர் சொல்வதும் உண்மை. இதை அறியாமல் எத்தனை வீடுகளில் மனஸ்தாபம்!

சுசான் ஷிப்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1977-ல் வெளியிட்ட ஆய்வில், உணவுகளைக் கூழாக அரைத்து, கண்ணைக் கட்டிச் சுவைக்கச் செய்தார். மாணவர்கள் கண்டுபிடித்த பலவற்றை முதியோர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. உருவமும் கடிப்பதன் உணர்வும் போய்விட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது மிகக் குறைவு.

ஆகவே பெரியவரின் இலையை மறுபடி பாருங்கள். அப்பளம் நொறுங்கும் உணர்வு, மிளகாயின் எரிச்சல், இஞ்சியின் உறைப்பு, அடையின் சூடு ஆகிய இவை எதுவும் மண நரம்பின் வழியே போவதில்லை. முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் ஐந்தாம் மூளை நரம்பு வழியே போகின்றன. வயதால் அதுவும் சற்றுத் தளரும். ஆனால் மணம் மங்கிய பின்னும் சாப்பாட்டில் பிடிப்பு உண்டாக்குவது அதுதான். இனிப்பின்மேல் உப்பு, மென்மையின்மேல் மொறுமொறுப்பு என்று அவர் தேடுவதில், இழந்ததை வேறு வழியில் ஈடு செய்யும் முயற்சியும் இருக்கக் கூடும்.

இதில் ஆபத்தும் உண்டு. ஈடு செய்ய மிக மலிவான வழி உப்புதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் எல்லாமே உப்புச் சுரங்கங்கள். நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல், உப்புச் சேர்ப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு டாக்டர் ஊறுகாயை நிறுத்தச் சொல்வது சரியே. ஆனால் ஊறுகாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காமல் உப்பில்லாத கஞ்சியை நீட்டினால், அவர் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். எடை குறையும், தெம்பு போகும். முதுமையில் அதுவும் ஒரு நோய்தான்.

அந்த இடத்தில் எதை வைப்பது? மேலே பார்த்ததெல்லாம் இங்கேதான் உதவும். பரிமாறும்போது பிழிந்த எலுமிச்சை. சாப்பிடும் கணத்தில் தூவிய வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகும். கொதிக்கும்போது போட்டு மணம் ஓடிப்போன பெருங்காயத்துக்குப் பதில், கடைசியில் கொட்டிய தாளிப்பு. உப்பிட்ட அப்பளத்துக்குப் பதில் உப்பில்லாமல் வறுத்த நிலக்கடலை அல்லது பொரி. பல் இல்லாதவருக்குக் கடலையைப் பொடித்துத் தூவலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து விடாமல் தனித்தனியாக வைப்பதும் முக்கியம். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அது ஆகாது.

உங்கள் வீட்டுப் பெரியவரின் மூக்கு எப்படி இருக்கிறது என்று அறிய ஆவலாக இருந்தால், அவர் சம்மதத்தோடு ஒரு விளையாட்டாகச் செய்யலாம். ஐந்து சிறு டப்பாக்களில் காப்பித் தூள், ஏலக்காய், பெருங்காயம், மல்லிகைப் பூ, பொடித்த சீரகம் ஆகியவற்றை வைத்து, கண்ணை மூடி முகரச் சொல்லுங்கள். நீங்களும் முகர்ந்து விடைகளை ஒப்பிடுங்கள். கற்பூரம், நீலகிரித் தைலம், மிளகாய்த் தூள் வேண்டாம். அவை ஐந்தாம் நரம்பையும் குத்துவதால், மூக்கு அடியோடு மங்கியவரும் ஏதோ தெரிகிறது என்பார். சளி பிடித்திருக்கும்போது செய்தால் பயனில்லை. மணம் திடீரென்று போயிருந்தால் அது வயதின் வேலை அல்ல. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஐந்தில் ஒன்றிரண்டே தெரிந்தால், சமையலறையில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சிலிண்டரிலுள்ள எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். அது யாருக்காகக் கலக்கப்பட்டதோ அவர் மூக்குக்கு எட்டவில்லை என்றால் பயனென்ன? இரவில் படுக்கும்முன் ரெகுலேட்டரை மூடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில், மீந்துபோன குழம்பு ஊசிவிட்டதா என்று மோந்து பார்க்கும் வேலையையும்.